நகரத்தை ஒட்டி, மோட்டார் வண்டி வராத சைக்கிள் பாதைகள்: எப்படித் தேடுவது, எது அலுக்காது?

நெடுமிதி எழுதியது:
எல்லோருக்கும் வணக்கம். சைக்கிள்ல ரெண்டு மூணு நாள் சுத்திட்டு வரணும்னு ஆசை. வீட்டு வாசல்லேர்ந்தே கிளம்பணும், இல்லேன்னா உள்ளூர் ரயில்ல ஒரு மணி நேரத்துக்குள்ள தொடக்க இடத்துக்குப் போய்ச் சேரணும். பக்கவாட்டுப் பைகள் ரெண்டு, 40 மில்லிமீட்டர் டயர். ஒரு நாளைக்கு 60, 70 கிலோமீட்டர் போதும்.

நிபந்தனை ரெண்டே ரெண்டு. ஒண்ணு, கார் லாரி கூட மல்லுக்கட்ட முடியாது. ரெண்டாவது, நிலம் மாறிக்கிட்டே இருக்கணும். ஆத்தங்கரை, காடு, வயல், கொஞ்சம் மேடு. நாள் முழுக்க ஒரே மாதிரி கரையில போறதுன்னா ஜிம்முலேயே மிதிச்சுக்கலாம். ரெண்டும் சேர்ந்து கிடைக்குமா? நீங்கல்லாம் எப்படித் தேடுறீங்க?

கரையோரம் எழுதியது:
தேட வேண்டியவை மூன்றுதான். கைவிடப்பட்ட ரயில் பாதை, பழைய கால்வாய், ஆற்றின் வெள்ளத்தடுப்புக் கரை. மூன்றும் வேறு வேலைக்காகக் கட்டப்பட்டவை. மூன்றுமே பெரும்பாலும் நகரத்திலிருந்து புறப்படும் அல்லது நகரத்தில் வந்து முடியும், ஏனென்றால் சரக்கு போக வேண்டிய இடமும், வெள்ளத்திலிருந்து காக்க வேண்டிய இடமும் நகரம்தான்.

ரயில் தடம் சைக்கிளுக்கு ஏன் ஒத்துவருகிறது என்பதற்குக் காரணம் எளிது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும். ஆகவே பொறியாளர்கள் சரிவைப் பெரும்பாலும் 2 சதவீதத்துக்குள் வைத்தார்கள். மேடு வந்தால் வெட்டினார்கள், பள்ளம் வந்தால் பாலம் கட்டினார்கள், மலை வந்தால் குடைந்தார்கள். பாரம் ஏற்றிய சைக்கிளுக்கு இதைவிட மரியாதையான பாதை கிடையாது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல்–பாத் ரயில் தடம் இதற்கு நல்ல முன்மாதிரி. ஏறத்தாழ 21 கிலோமீட்டர். 1979 முதல் 1986 வரை துண்டு துண்டாகக் கட்டினார்கள். இரண்டு நகரங்களின் உட்பகுதியையே அது இணைக்கிறது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கிலிருந்து கம்பர்லண்ட் வரை போகும் கிரேட் அலிகேனி பாதை 240 கிலோமீட்டர். அங்கே முடியும் இடத்தில் செசபீக்–ஒஹாயோ கால்வாய்க் கரை தொடங்கி, இன்னும் 297 கிலோமீட்டர் போய் வாஷிங்டன் நகருக்குள் இறக்கிவிடும். இரண்டு நகரங்களுக்கு நடுவே 500 கிலோமீட்டருக்கு மேல், கார் ஏறக்குறைய இல்லவே இல்லை.

ஒற்றையடி எழுதியது:
கரையோரம் சார் சொல்றதுல தப்பில்ல. ஆனா நெடுமிதியோட ரெண்டாவது நிபந்தனையை விட்டுட்டார். ரயில் தடம்னா பாதி தூரம் பள்ளத்துக்குள்ள ஓடும். மேட்டை வெட்டி இறக்கின இடம் அது. ரயில் நின்னு பல வருஷம் ஆச்சுன்னா ரெண்டு பக்கமும் மரம் முளைச்சு மேல மூடிக்கும். பச்சைக் குழாய்க்குள்ள போற மாதிரி. அந்தப் பக்கம் வயலா, ஊரா, ஏரியா, ஒண்ணும் தெரியாது. முதல் பத்து கிலோமீட்டர் சொர்க்கம், முப்பதாவதுல தூக்கம் வரும்.

கால்வாயும் அப்படித்தான். தெற்கு பிரான்ஸ்ல துலூஸ் நகரத்துலேர்ந்து மத்தியதரைக் கடல் பக்கம் போற கனால் து மிடியை எல்லாரும் புகழ்வாங்க. 1681ல திறந்தது, 240 கிலோமீட்டர், யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு, எல்லாம் சரி. துலூஸ்லேர்ந்து முதல் 50 கிலோமீட்டர் சொச்சம் வழவழன்னு தார். மாவட்ட எல்லை தாண்டினதும் பல இடத்துல மண்ணும் மரவேரும்தான். ஒரே கால்வாய், ஒரே கரை, ஆனா பராமரிக்கிற கை மாறுது. இன்னொண்ணு, கரையோரத்துல இருந்த பிளேன்ங்கற நிழல் மரங்களுக்கு 2006 வாக்குல பூஞ்சை நோய் வந்து ஆயிரக்கணக்குல வெட்டிட்டாங்க. பழைய படத்தைப் பார்த்து நிழலை எதிர்பார்த்துப் போறவங்க மொட்டை வெயில்ல நிக்கிற இடமும் உண்டு.

கரையோரம் எழுதியது:
எல்லா ரயில் தடமும் பள்ளத்தில் ஓடுவதில்லை, தம்பி. வென்பான் பற்றிச் சொல்கிறேன். ஜெர்மனியின் ஆகன் நகர விளிம்பில் தொடங்கி, பெல்ஜியம் வழியாக லக்சம்பர்க்கின் த்ருவாவியேர்ஜ் வரை 125 கிலோமீட்டர். முதலில் நகரத்தின் பின்புறத் தொழிற்பேட்டைகள், பிறகு ஒரு பெரிய ரயில் பாலம், பிறகு காடு. அதற்கு மேல் ஹோகஸ் வென் என்ற மேட்டுச் சதுப்பு நிலம், திறந்த வானம், மரமே குறைவு. அப்புறம் மேய்ச்சல் நிலங்களில் மெல்ல இறங்கும். நீங்கள் கேட்கும் மாற்றம் ஒரே தடத்தில் இருக்கிறது.

அதன் வரலாறும் வேடிக்கையானது. முதல் உலகப்போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கையின் வழியில் தண்டவாளம் போகும் நிலம் பெல்ஜியத்துக்குக் கொடுக்கப்பட்டது. சுற்றியிருந்த ஊர்கள் சில ஜெர்மனியிலேயே நின்றுவிட்டன. ரயில் போய், தண்டவாளம் போய், சைக்கிள் பாதை ஆன பிறகும் அந்த நிலம் பெல்ஜியம்தான். சில இடங்களில் பாதையின் இரு பக்கமும் ஜெர்மனி, சக்கரம் உருளும் பட்டை மட்டும் பெல்ஜியம்.

ஒற்றையடி எழுதியது:
வென்பானை ஒத்துக்கறேன். ஆனா அது விதிவிலக்கு, எல்லார் ஊர்லயும் ஒரு வென்பான் இருக்காது. இருக்கறதை வெச்சு எப்படி வழி அமைக்கறதுங்கறதுதான் கேள்வி.

என் கட்சி இதுதான்: ஒரே வகைப் பாதையில போய் அதே வகையில திரும்பாதீங்க. ரயில் தடத்துல வெளியே போங்க, கால்வாய்க் கரையில உள்ளே வாங்க. நடுவுல ஒரு மேட்டைத் தாண்டணும்னா சின்ன கிராமச் சாலையில தாண்டுங்க.

பாத் நகரத்துலயே இதுக்குக் கச்சிதமான உதாரணம் இருக்கு. ‘டூ டனல்ஸ்’ பாதை, 2013ல திறந்தது. நகரத்துலேர்ந்து பழைய ரயில் தடத்துல ஏறினா ரெண்டு சுரங்கம். ரெண்டாவது கூம்ப் டவுன் சுரங்கம், 1.6 கிலோமீட்டருக்கு மேல, உள்ளே குளிரும். வெளியே வந்தா வேற பள்ளத்தாக்கு. அங்கேர்ந்து கொஞ்ச தூரம் சின்னச் சாலை, அப்புறம் டண்டாஸ்ங்கற கல் பாலம். அதுல கால்வாய் ஏவன் ஆத்துக்கு மேல போகும். அந்தக் கென்னட்–ஏவன் கால்வாய்க் கரையைப் பிடிச்சா திரும்ப பாத். மொத்தமே 21 கிலோமீட்டர்தான். சுரங்கம், பள்ளத்தாக்கு, சாலை, தண்ணிப்பாலம், படகுகள். நாள் முழுக்க நேர்கோட்டுல போறதைவிட இந்தச் சின்ன வட்டத்துல பார்க்கறது அதிகம்.

சரளைக்கல் எழுதியது:
வரைபட வேலையைப் பற்றி யாரும் பேசவில்லையே, அதை நான் எழுதுகிறேன்.

பொதுமக்களே சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தின் தரவைத்தான் பெரும்பாலான சைக்கிள் செயலிகள் அடியில் பயன்படுத்துகின்றன. அதில் மண்பாதைகளுக்கு ‘டிராக்டைப்’ என்று ஒரு குறிப்பு உண்டு, கிரேடு 1 முதல் 5 வரை. 1 என்றால் தார் அல்லது நன்றாக இறுகிய தளம். 5 என்றால் வெறும் மண்ணும் புல்லும். 40 மில்லிமீட்டர் டயரும் பாரமும் இருந்தால் 1, 2 கண்ணை மூடிக்கொண்டு போகலாம். 3 மழை பெய்யாதவரை சரி. 4, 5 வந்தால் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டருக்கு இறங்கும், சில இடம் தள்ளித்தான் போக வேண்டும். சைக்ளோஎஸ்எம் வரைபடத்தில் தளத்தின் தரம் கோட்டின் வடிவத்திலேயே தெரியும்.

பாதைக் கணிப்புக்கு பிரௌட்டர் என்ற கருவி எனக்குப் பிடித்தது. ‘சிறு சாலைக்கு முன்னுரிமை, பெருஞ்சாலைக்குத் தண்டனை’ என்று விதிகளை நாமே மாற்றி எழுதலாம். மற்ற செயலிகள் 300 மீட்டர் மிச்சம் பிடிக்க நம்மை நெடுஞ்சாலையில் தூக்கிப் போடத் தயங்குவதில்லை.

ஸ்ட்ராவா செயலியில் பதிவான ஓட்டங்களைக் கோடுகளாகக் காட்டும் ஹீட்மேப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் பளிச்சென்று எரியும் கோடு பல நேரம் பந்தய சைக்கிள்காரர்கள் விடியற்காலையில் பறக்கும் பெருஞ்சாலை. அவர்களுக்கு வேண்டியது வழவழப்பான தார், உங்களுக்கு வேண்டியது அமைதி. மங்கலாக, ஆனால் அறுபடாமல் ஓடும் கோடு இருக்கிறதே, அதுதான் நம் ஆளுக்கு.

கடைசியாக வான்படம். பாதை கோடாகத் தெரிகிறதா, நடுவில் வேலி அல்லது பூட்டிய கேட் நிழல் விழுகிறதா, ஆற்றின் மேல் பாலம் உண்மையில் நிற்கிறதா என்று பாருங்கள். ரயில் தடங்களில் முதலில் காணாமல் போவது பாலம்தான். இரும்பை எடுத்து விற்றுவிடுவார்கள், தூண் மட்டும் நிற்கும்.

நெடுமிதி எழுதியது:
டிராக்டைப் சங்கதி புதுசு, நன்றி. ‘மங்கலான கோடு’ங்கறதையும் குறிச்சுக்கிட்டேன்.

தனிமிதி எழுதியது:
நான் பெரும்பாலும் தனியாக ஓட்டுகிறவள். ஆகவே வேறு கோணத்தில் சில விஷயங்கள்.

கார் இல்லாத பாதை என்றாலே பாதுகாப்பு என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறீர்கள். நகரத்தை விட்டு வெளியேறும் முதல் பத்து, பதினைந்து கிலோமீட்டர்தான் எனக்குச் சங்கடமான பகுதி. கிடங்குகளின் பின்புறம், பாலத்து அடி, வெளிச்சமில்லாத சந்து. கால்வாய்க் கரையென்றால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சுவர். நடுவில் வெளியேற வழி கிடையாது. எனவே தளத்தின் தரத்தோடு, பாதையிலிருந்து சாலைக்கு ஏறும் இடங்கள் எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று என்பதையும் எண்ணி வைத்துக்கொள்கிறேன். அந்தப் பகுதியைப் பகல் வெளிச்சத்தில், ஆள் நடமாட்டம் உள்ள நேரத்தில் கடக்கும்படி கிளம்புவேன். சில நகரங்களில் அதை ரயிலிலேயே தாண்டிவிடுவது உத்தமம், இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

அடுத்தது தடுப்புகள். மோட்டார் சைக்கிள் நுழையாமலிருக்கப் பாதை வாயில்களில் வளைந்த கம்பிக் கதவுகள் வைத்திருப்பார்கள். பாரமில்லாத சைக்கிளே பின்சக்கரத்தில் நிமிர்ந்தால்தான் போகும். இரண்டு பக்கமும் பை இருந்தால் கழற்றி, தூக்கி, மாட்டி, மறுபடி 400 மீட்டரில் இன்னொன்று. ஒரு பாதையில் இது தொடர்ந்து வரவே பக்கத்துச் சாலைக்கே போய்விட்டேன், அங்கே வண்டியும் குறைவாகத்தான் இருந்தது. பின்னால் வண்டி கட்டி இழுப்பவர்கள், கைமிதி வண்டிக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று பாதை போடுகிறவர்கள் யோசிப்பதே இல்லை.

சுரங்கம் உள்ள தடமென்றால் விளக்கு கட்டாயம். சிலவற்றில் விளக்கு போட்டிருப்பார்கள், ஆனால் நேரக்கட்டுப்பாடு இருக்கும். கரையோரம் ஐயா சொன்ன அலிகேனி பாதையில் பிக் சாவேஜ் சுரங்கத்தைக் குளிர்காலத்தில் மூடியே வைத்துவிடுவார்கள். மாற்று வழி மலைமேல். செசபீக்–ஒஹாயோ கால்வாய்ப் பக்கத்தில் பா பா சுரங்கம் 950 மீட்டர், கரை ஒடுக்கம், சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

காற்றுக்கெதிர் எழுதியது:
எந்தத் திசையில் ஓட்டுவது என்று முடிவு செய்யாமல் பாதையை முடிவு செய்யாதீர்கள்.

அலிகேனி பாதையையே எடுங்கள். உச்சி கிட்டத்தட்ட 730 மீட்டர் உயரத்தில். கம்பர்லண்ட் பக்கமிருந்து ஏறினால் அந்த உயரத்தை 38 கிலோமீட்டரில் எட்ட வேண்டும். பிட்ஸ்பர்க் பக்கமிருந்து வந்தால் 200 கிலோமீட்டரில் மெல்ல மெல்ல. ஒரே பாதை, ஒரே உச்சி. முட்டி உங்களுடையது, யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆற்றங்கரை என்றால் காற்று. வெள்ளக்கரை மேல் ஒரு புதர் கூட இருக்காது. தட்டையான கரையில் எதிர்க்காற்று அடித்தால் மலையேற்றத்தைவிட மோசம், ஏனென்றால் மலைக்கு ஒரு முடிவு உண்டு. டான்யூப் ஆற்றங்கரையில் ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரைதான் கூட்டம் போகிறது, எதிர்த் திசையில் குறைவு. ஆறு இறங்கும் திசை, மேற்குக் காற்று முதுகில். 300 கிலோமீட்டர் சொச்சம்.

வட்டப் பாதை கிடைக்காவிட்டால்: காலையில் ரயிலில் சைக்கிளோடு வெளியே போய்விட்டு, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு நகரத்துக்குத் திரும்பி ஓட்டுங்கள். நேரம் தவறினாலும் வீட்டுக்கு அருகில் இருப்பீர்கள். மாலையில் களைத்துப்போய், சைக்கிள் பெட்டியில் இடமிருக்கிறதா என்று ரயிலடியில் கெஞ்சுவது தேவையில்லாத வேலை.

ஒற்றையடி எழுதியது:
டான்யூபைப் பத்தி ஒண்ணு. அங்கே பல இடத்துல ரெண்டு கரையிலயும் பாதை. நடுவுல சின்னப் படகு, சைக்கிளையும் ஏத்திக்குவாங்க. இந்தக் கரை வெயில், அந்தக் கரை நிழல், மாறி மாறிப் போகலாம். ஷ்லோகன் பக்கம் ஆறு மலையைச் சுத்தி வளையும், வாகாவ் வந்தா திராட்சைத் தோட்டம் படிப்படியா. ஆத்தங்கரை ஒரே மாதிரி இருக்கும்னு நெடுமிதி பயந்தாரே, அதுக்காகச் சொன்னேன்.

நெடுமிதி எழுதியது:
சரி, ஒரு நேரடிக் கேள்வி. எங்க பக்கத்துல கிழக்கே ஆறு, கரை மேல பாதை. வடக்கே பழைய ரயில் தடம், 28 கிலோமீட்டர் தெரியுது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு மேடு, அதுல முழுக்கக் கார் இல்லாத பாதைன்னு எதுவும் இல்ல. அந்த மேட்டைச் சாலையில தாண்டலாமா, இல்ல ‘கார் இல்லாத’ங்கற பிடிவாதத்துல ஆத்தோட போய் ஆத்தோடயே திரும்பி வரவா?

கரையோரம் எழுதியது:
நான் ஆற்றோடு திரும்புவேன். ஐந்து கிலோமீட்டர் மோசமான சாலை இருந்தால் அந்த நாள் முழுவதும் அதுதான் நினைவில் நிற்கும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அமெரிக்க சுப்ரீம் கோர்ட் நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954ல் அந்த வாஷிங்டன் கால்வாய்க் கரை முழுவதையும் நடந்தார். கரையில் கார்ச்சாலை போடும் திட்டத்தை எதிர்த்துத்தான் அந்த நடை. அப்படிக் காப்பாற்றிய இடங்களை நாம் முழுதாகப் பயன்படுத்த வேண்டாமா?

ஒற்றையடி எழுதியது:
சார், காப்பாத்தினதுல போக வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா சாலைன்னா எல்லாம் ஒரே சாலையா?

பெல்ஜியம், நெதர்லாந்துல முடிச்சுப்புள்ளி முறைன்னு ஒண்ணு இருக்கு. 1990கள்ல பெல்ஜியத்தோட லிம்பர்க் மாகாணத்துல தொடங்கினது. ஹுகோ போலன்னு சுரங்கப் பொறியாளரா இருந்தவர் யோசனை. ஒவ்வொரு சந்திப்புக்கும் எண். 47லேர்ந்து 52, அங்கேர்ந்து 18, இப்படி எண்ணை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி ஹேண்டில்பார்ல ஒட்டிக்கிட்டாப் போதும். அந்த வலைல தனிப் பாதையும் உண்டு, வண்டி குறைவா வர்ற வயல் சாலையும் உண்டு. ரெண்டையும் கலந்ததாலதான் நிலம் மாறிக்கிட்டே இருக்கு. அந்த லிம்பர்க்லயே போக்ரைக் குளத்துக்கு நடுவுல, தண்ணி கண் மட்டத்துல நிக்கற மாதிரி பள்ளமா பாதை வெட்டியிருக்காங்க, 2016ல. முழுக்கப் பிடிவாதம் பிடிச்சிருந்தா அங்கே போய்ச் சேரவே முடியாது.

ஜப்பானோட ஷிமானாமி கைடோங்கற சைக்கிள் வழியும் இப்படித்தான். ஒனோமிச்சிலேர்ந்து இமாபாரி வரை 70 கிலோமீட்டர், தீவுக்குத் தீவு. பெரிய பாலங்கள்ல சைக்கிளுக்குத் தனி வழி உண்டு, ஆனா தீவுக்குள்ள பல இடம் சாலைதான், ஓரத்துல நீலக்கோடு போட்டிருப்பாங்க. கோட்டைத் தொடர்ந்து போனா வழி தவறாது.

நெடுமிதி, அந்த மேட்டுச் சாலையைப் பத்தி மூணு கேள்வி கேளுங்க. அது எங்கயாவது போய்ச் சேருதா, இல்ல ரெண்டு ஊருக்குள்ளயே முடியுதா? எங்கயும் போகாத சாலைல யாரும் வரமாட்டாங்க. அதுக்கு இணையா அகலமான புதுச் சாலை போட்டிருக்காங்களா? போட்டிருந்தா பழசு காலி. நடுவுல கோடு இருக்கா? கோடு இல்லாத ஒடுக்கமான சாலைல கார்க்காரங்க தன்னால மெதுவா வருவாங்க.

சரளைக்கல் எழுதியது:
நான்காவது ஒன்றைச் சேர்க்கிறேன். பக்கத்தில் கல்குவாரி இருக்கிறதா என்று வான்படத்தில் பாருங்கள். வரைபடத்தில் ஒன்றுமில்லாத சாலையில் நாள் முழுக்க டிப்பர் லாரி ஓடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சொர்க்கமாக இருக்கும்.

தனிமிதி எழுதியது:
ரயில் தடம் சாலையைக் குறுக்கே வெட்டும் இடங்களையும் எண்ணுங்கள். தடத்தில் போய்ப் போய்க் கவனம் தளர்ந்திருக்கும், திடீரென்று சாலை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டதெல்லாம் இப்படிப்பட்ட குறுக்குவெட்டுகளில்தான், சாலையோரம் ஓட்டியபோது அல்ல.

காற்றுக்கெதிர் எழுதியது:
சத்தம். அதையும் பாருங்கள். ஆற்றங்கரைப் பாதைக்கு இணையாக நூறு மீட்டரில் விரைவுச்சாலை ஓடினால், கார் இல்லாத பாதைதான், காதுக்கு அல்ல.

நெடுமிதி எழுதியது:
எல்லாத்தையும் வெச்சுப் போட்டுப் பார்த்தேன். முதல் நாள் ரயில்ல வடக்கே போய், ரயில் தடம் 28 கிலோமீட்டர். அதுல சாலைக் குறுக்குவெட்டு 9. அப்புறம் காட்டுப் பாதை 14, கிரேடு 2னு காட்டுது, கடைசி 3 மட்டும் கிரேடு 3. ரெண்டாம் நாள் மேட்டைத் தாண்ட 6 கிலோமீட்டர் சாலை. பக்கத்துல புதுச் சாலை இருக்கு, கோடு கிடையாது, குவாரி தெரியல. இறங்கினா ஆறு, கரை மேல 45 கிலோமீட்டர், காற்று பெரும்பாலும் முதுகில, நகரத்துக்குள்ளயே முடியுது. அந்தக் கடைசி 10 கிலோமீட்டர் கிடங்குப் பகுதி, அதை மதியத்துக்குள்ள கடக்கற மாதிரி.

கரையோரம் எழுதியது:
எனக்கு இப்போதும் அந்த 6 கிலோமீட்டர் உறுத்தல்தான். மற்றபடி திசை, வரிசை இரண்டும் நன்றாக இருக்கின்றன. மழை பெய்திருந்தால் காட்டுப் பாதையின் கடைசி 3 கிலோமீட்டரை விட்டுவிடுங்கள். சுண்ணாம்புத் தூள் போட்ட தளமாக இருந்தால் ஈரத்தில் பசைபோல் செயினில் ஏறும், காய்ந்ததும் கியர் மாறாது. ஒரு பழந்துணியும் எண்ணெயும் பையில் இருக்கட்டும்.

ஒற்றையடி எழுதியது:
சாரே ஏறக்குறைய ஒத்துக்கிட்டார், எழுதி வெச்சுக்கோங்க. நெடுமிதி, வழித்தடம் பதிஞ்ச ஜிபிஎக்ஸ் கோப்பை இங்கே போடுங்க. அந்த 6 கிலோமீட்டரை மட்டும் வான்படத்துல நானும் ஒரு தடவை பார்த்துடறேன். அந்த 9 குறுக்குவெட்டுல எதுல பார்வை மறையுதுன்னு தனிமிதி அக்கா பார்க்கட்டும்.

தனிமிதி எழுதியது:
பார்க்கிறேன். வாயில் கம்பிகள் இருந்தால் அவற்றையும் குறித்து அனுப்புகிறேன்.